சங்ககிரியா, திண்டுக்கல்லா?

மலை என்றால் ஆசைப்படாத உள்ளமும் உண்டோ? அதிலும் எங்களைப்போல் வெள்ளகோவில் மேட்டாங்காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை சற்று அதிகமாகவே இருக்கும். கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காடும், அதில் மேயும் காங்கேயம் மாடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமமாகப் பரந்து கிடக்கும் பூமி எங்களுடையது. இங்கே உயரமான பொருள் எதுவென்று கேட்டால் தண்ணீர்த் தொட்டியையும், மூலனூர்ப் பக்கம் சுற்றும் காற்றாலையையும்தான் காட்டவேண்டும். சிவன்மலையும் சென்னிமலையும் அருகில் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றில் நாங்கள் இடுப்புக் குழந்தைகளாக இருந்த நாள் முதலே ஏறி வருகிறோம். சென்னிமலையின் 1,320 படிகளையும் மொட்டையடித்த தலையோடு ஏறியவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர்.

ஆகவே, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி, “பத்தாம் வகுப்புக்கு ஒருநாள் சுற்றுலா உண்டு, எங்கே போகலாம்?” என்று கேட்டபோது, அணைக்கட்டு, பூங்கா என்ற வழக்கமான பெயர்களைச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. காங்கேயத்துத் தோழி எழுந்து நின்று, “பாறை ஏறப் போகலாம், சிஸ்டர்!” என்றாள். வகுப்பே கலகலவென்று சிரித்தது. சகோதரி சிரிக்கவில்லை. “நல்ல யோசனைதானே! எங்களுக்குச் சீனாயும் தாபோரும். உங்களுக்குச் சென்னிமலையும் பழனியும். மலையைத் தேடிப் போகாத பக்தி எது?” என்று கூறி இரண்டு நிபந்தனைகளை விதித்தார். ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். மற்றொன்று, வகுப்பின் 41 பேரும் வரவேண்டும்; “நான் வரவில்லை” என்று ஒருத்திகூடச் சொல்லும்படி இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை யாரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு இளைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் அவளுடைய புத்தகப் பைக்குள் பேனாப் பெட்டியோடு இன்ஹேலரும் இருக்கும். வீட்டின் முன்பகுதியிலேயே நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. பின்பகுதியில் அவர்கள் குடியிருக்கிறார்கள். விளையாட்டு நேரத்தில் கோடு போடுவதும் புள்ளி எழுதுவதும் அவள் வேலை. அந்த வேலையை அவள் ஒருநாளும் விரும்பிக் கேட்டதில்லை. நாங்களாகவே கொடுத்து வந்தோம்.

பாறை ஏறுதல் என்றதும் தொலைக்காட்சியில் பார்த்தது எங்கள் நினைவுக்கு வந்தது. பாரிஸில் 2024இல் நடந்த ஒலிம்பிக்கில், 15 மீட்டர் உயரமுள்ள செங்குத்துச் சுவரில் போலந்து நாட்டுப் பெண் ஒருவர் ஏறத்தாழ ஆறே விநாடிகளில் ஏறி முடித்தார். ஓணான்கூட அவ்வளவு விரைவில் ஏறுமா என்பது ஐயந்தான்! அமெரிக்காவில் எல் காபிடன் என்று சுமார் 3,000 அடி உயரத்தில் ஒரே பாறைச் சுவர் இருக்கிறது. அதன் மூக்குப் போன்ற முகப்பில், கயிற்றை விழாமல் காப்பதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, கைகால்களின் பலத்தாலேயே முதன்முதலில் ஏறிக் காட்டியவர் லின் ஹில் என்ற பெண், ஆண்டு 1993. அதற்கு முன் எந்த ஆணும் அதைச் செய்ததில்லை என்று நான் படித்ததை வகுப்பில் சொன்னபோது பெரும் கைதட்டல் எழுந்தது. ஜப்பானின் ஜுங்கோ தாபேய் 1975லும், நம் நாட்டின் பச்சேந்திரி பால் 1984லும் எவரெஸ்டின் உச்சியில் நின்றார்கள். விருதுநகர் மாவட்டத்துப் பெண்ணான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் அங்கே சென்று சேர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் பெண் அவரே.

நாங்கள் கயிறு கட்டி ஏறப்போவதில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும், தலைக்கவசமும், இடுப்புப் பட்டையும் வேண்டும். அத்துடன் நாங்கள் எண்ணியிருந்த இரண்டு இடங்களுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைகள். அங்கே ஆணி அடிப்பது இருக்கட்டும், பெயரைக் கீறினால்கூடத் தண்டனை உண்டு. எனவே படியிருக்கும் இடத்தில் படியாலும், படி தேய்ந்த இடத்தில் பாறையாலும் ஏறுவது என்று முடிவாயிற்று. அதற்கும் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை பள்ளி மைதானத்து மேடையருகே ஒரு வாரம் எங்களுக்குப் பாடம் நடத்தினார். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க, ஒன்றுதான் நகரவேண்டும். சரிவான பாறையில் பயந்துபோய் உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்று பாரத்தைப் பாதத்தில் இறக்கினால்தான் பிடிப்புக் கிடைக்கும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம். வெயில் ஏறிவிட்டால் மொட்டைப் பாறை தோசைக்கல்லாகிவிடும். ஆகவே காலை 9 மணிக்குள் பாதி வழியையாவது கடந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதி பின்னால் பெரிய வழக்காகும் என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

கரும்பலகையில் முதல்நாள் ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. நாமக்கல் கோட்டை மிகச் சிறியது என்று அழிபட்டது. திருச்சி மலைக்கோட்டையை எல்லோரும் பார்த்தாயிற்று. மீதி நின்றவை இரண்டே: சங்ககிரி, திண்டுக்கல். வகுப்பும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

திண்டுக்கல் கட்சிக்குத் தலைவி மூலனூர்த் தோழி. நா வன்மை மிக்கவள். “திண்டு போன்ற கல், பெயரிலேயே பாறை இருக்கிறது! ஊர் நடுவில் ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை அது. பாறையிலேயே அகலமான படிகளைச் செதுக்கியிருக்கிறார்கள், பாட்டிமார்கள்கூட ஏறுகிறார்கள். 1605ஆம் ஆண்டில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டையைத் தொடங்கினார். 1755இல் ஐதர் அலி அங்கே அதிகாரியாக வந்தார்” என்று அடுக்கிக்கொண்டே போனவள், தன் பிரம்மாஸ்திரத்தைக் கடைசியில் எடுத்தாள். “இது பெண்கள் பள்ளி. 1772இல் கணவர் போரில் மாண்டபின், வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில். ஐதர் அலியின் துணையைப் பெற்றுப் படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த ராணியின் சீமையை விட்டுவிட்டு வேறு எங்கே போவது?” என்றாள். அவள் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பிரியாணியைச் சொல்ல மறந்துட்டியே!” என்றது. திண்டுக்கல் கட்சியில் பாதி வாக்கு ராணிக்கும் பாதி வாக்குப் பிரியாணிக்கும் விழும் என்பது அன்றே எனக்கு விளங்கிவிட்டது.

சங்ககிரிக் கட்சிக்கு நான் பேசினேன். தீரன் சின்னமலை நமக்கு அயலார் அல்லர். காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். எங்கள் தாத்தாக்கள் தங்கள் வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோல் அவரைச் சொல்வார்கள். மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்து வாங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள் என்று அனுப்பினாராம். அந்தக் கதையைக் கேளாத குழந்தை எங்கள் பக்கத்தில் இல்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டி ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவரை 1805ஆம் ஆண்டில் தம்பியரோடு தூக்கிலிட்டது சங்ககிரிக் கோட்டையில். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அவருக்கு மாலை சூட்டுகிறோம். பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசிப் பரிசும் வாங்குகிறோம். அவர் கடைசியாக ஏறிய மலையில் நம் வகுப்பில் எத்தனை பேர் ஏறியிருக்கிறோம் என்று கேட்டேன். கை தூக்கியவர்கள் மூன்று பேர்.

ஆனால் மூலனூர்த் தோழி விடுவாளா? “சங்ககிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 அடி. நம் ஊர் உயரத்தைக் கழித்தாலும் ஆயிரத்துக்கு மேல் அடி ஏறவேண்டும். திண்டுக்கல்லைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நேரமாகும். எல்லோராலும் முடியுமா?” என்று கேட்டுவிட்டு என் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். என் தோழி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த விவாதம் மூன்று நாட்கள் நடந்தது. சாப்பாட்டு வேளையிலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் அதே பேச்சு. கணித ஆசிரியை, “இந்த ஆர்வத்தில் கால்பங்கு வடிவியலில் இருந்தால் நீங்கள் எல்லோரும் நூற்றுக்கு நூறு” என்றார். அவர் சொன்னதும் சரியே. அந்த வாரம் எங்களுக்குத் தேற்றம் ஏறவில்லை.

வீட்டிலும் ஒரு போர் நடந்தது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது அம்மா, “வயசுக்கு வந்த புள்ளைய மலை மேல ஏத்தி உட்டுட்டு, நா இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோணுமா?” என்றார். அப்பா, “எந்த ஊருன்னு முடிவாகட்டும், பார்க்கலாம்” என்று தறிக்கூடத்துக்குள் நழுவிவிட்டார். விருந்தாட வந்திருந்த அம்மிச்சிதான் எனக்குக் கைகொடுத்தார். “ஏம்மா, சுள்ளி பொறுக்கறதுக்கு நாங்க ஏறாத கரடா? சேலையத் தூக்கிச் சொருகிட்டு ஏறுனம். சிஸ்டருங்க கூடத்தான் போவுது. போயிட்டு வரட்டும் உடு” என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார். ஆனால் இரண்டு நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பல வீடுகளில் இதே கதை என்று பின்னர் தெரிந்தது. அம்மிச்சி இல்லாத வீட்டுத் தோழியருக்காக வகுப்பாசிரியை நேரில் போய்ப் பேசினார்.

தோழியருக்கு இந்தப் பயணம் அவ்வளவு பெரிதாகப் பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. பொதுத்தேர்வு முடிந்தால் 41 பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கப்போவதில்லை. சிலர் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருத்தியின் வீட்டில் திருப்பூருக்குக் குடிபோகிறார்கள். அவளை மேலே படிக்க வைப்பார்களா, பனியன் கம்பெனிக்கு அனுப்புவார்களா என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. “எங்கேயாச்சும் போனாப் போதும்” என்றாள்.

நான்காம் நாள் வாக்கெடுப்பு. அதற்கு முன் வகுப்பாசிரியை என் தோழியை எழுப்பி, “எல்லோரும் உனக்காகப் பேசுகிறார்கள். நீ என்ன நினைக்கிறாய், அம்மா?” என்று கேட்டார். மூன்று நாட்களாக யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவள் முதலில் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: “திண்டுக்கல்லுல எங்க சித்தப்பா வீடு இருக்குதுங்க, சிஸ்டர். அஞ்சாவது படிக்கிறப்ப அந்த மலைக்குப் போனோம். பாதிப் படியில எனக்கு மூச்சு வாங்கிருச்சு. அங்கே பாதி வழின்னா வெறும் பாறைதானுங்க. நிழலில்லை, உக்கார ஒரு இடமில்லை. ஏறுறவங்க எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டே போனாங்க. உச்சிக்குப் போனாத்தான் போனதுன்னு கணக்கு. நா பாதியில நின்னவ. சங்ககிரியப் பத்தி எங்க அண்ணனக் கேட்டேனுங்க. அங்கே கீழ இருந்து மேல வரைக்கும் வாசல் வாசலா இருக்குதாம். வாசலுக்கு வாசல் சொவரு, நெழலு. நாலாவது வாசல் வரைக்கும் போனா, நா நாலாவது வாசலுக்குப் போனவ. எனக்குச் சங்ககிரிங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாட்களாக அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது என்ன என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு இடங்களுக்கும் ஆகும் தூரம், பேருந்து நேரம், போய்ச் சேரும் மணி. திண்டுக்கல்லுக்கு ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். 6 மணிக்குப் புறப்பட்டாலும் மலையடிவாரத்தில் கால் வைக்க 9 மணியாகிவிடும். பாறை சுடத் தொடங்கும் நேரம். சங்ககிரி அதைவிடக் கிட்டத்தில். 8 மணிக்கு ஏறத் தொடங்கலாம். தோசைக்கல் விதியை எங்களில் கவனமாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான் போலும்!

வாக்கு எண்ணப்பட்டது. சங்ககிரிக்கு 27, திண்டுக்கல்லுக்கு 14. வேலு நாச்சியாருக்கு அநீதி இழைத்துவிட்டோம் என்று மூலனூர்த் தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மருத்துவரின் கடிதமும், பெற்றோரின் சம்மதமும் இருந்தால்தான் என் தோழியை அழைத்துப்போக முடியும் என்று தலைமைச் சகோதரி கூறியபோது, மாலையில் அவளோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, பனி விலகாத 6 மணிக்குச் செபம் சொல்லிப் புறப்பட்டோம். காங்கேயம் வழியாக ஈரோட்டுக்குப் போகும் சாலையில் அறச்சலூரைக் கடக்கும்போது, அங்கேயுள்ள பாறையில் பழந்தமிழர் ஆடல்பாடலுக்குரிய எழுத்துகளைப் பொறித்து வைத்திருக்கும் செய்தியைத் தமிழாசிரியை சொன்னார். இறங்கிப் பார்க்க நேரமில்லை. பள்ளிபாளையத்தில் காவிரியைத் தாண்டியதும் பாட்டுச் சத்தத்தில் ஓட்டுநர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. சங்ககிரி லாரிகளுக்குப் பேர்போன ஊர். வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பின்னால், மதில் கோடுகளை உடம்பில் சுற்றிக்கொண்டு அந்த மலை நின்றது. ஒரு நிமிடம் பேருந்தில் சத்தமே இல்லை.

எங்களை எட்டெட்டுப் பேராகப் பிரித்தார்கள். முதல் வாசல், இரண்டாம் வாசல் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகக் கழிந்தன. அப்புறம்தான் மலை தன் குணத்தைக் காட்டியது. படிகள் ஒழுங்கற்றவை, சில முழங்கால் உயரம். சில இடங்களில் புதர் மூடிக் கிடந்தது. வழுவழுப்பான பாறைச் சரிவில் மூன்று உறுப்பு விதி உயிர் காத்தது. திண்டுக்கல்லே ஆகட்டும் என்று வாக்களித்தவர்கள் முன்னால் போனார்கள். சின்னமலையைப் பற்றி முழங்கிய நான் பின்னால் மூச்சு வாங்கினேன். குண்டுக்கும் கயிற்றுக்கும் அஞ்சாதவரைப் பற்றிப் பேசுவது எளிது. அவர் ஏறிய படியில் ஏறும்போது பேச்சு வருவதில்லை.

என் தோழி நிதானமாக ஏறினாள். ஒவ்வொரு வாசலிலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சைச் சமப்படுத்திக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள். நான்காம் வாசல் வந்தது. “போதுமா?” என்று வகுப்பாசிரியை கேட்டார். “இன்னும் ஒண்ணு போகலாமுங்க, சிஸ்டர்” என்றாள். ஐந்தாம் வாசலில் இன்ஹேலரை எடுத்தாள். அங்கேயே நின்றுகொள்வதாக அவளே சொன்னாள். முழங்கால் வலியால் வகுப்பாசிரியையும் அங்கே அமர்ந்துகொண்டார். எங்களை மேலே போகச் சொல்லிக் கையசைத்தார்கள்.

உச்சியில் பெருமாள் கோயிலும், இடிந்த கட்டடங்களும், நீர் தேங்கிய சுனைகளும் உள்ளன. வழியில் ஒரு தர்காவும் உண்டு. சின்னமலையைத் தூக்கிலிட்டதாகக் காட்டும் இடத்தில், யாரும் சொல்லாமலே எல்லோரும் காலணிகளைக் கழற்றினோம். எனக்குப் பேச்சுப் போட்டியில் பேசிய ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. மேற்கே வெகு தொலைவில் காவிரி வெள்ளிக் கோடுபோல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அதற்கும் அப்பால் பனிமூட்டத்துக்குள் எங்கள் ஊர். “நம்ம தண்ணித் தொட்டி தெரியுதா பாரு” என்று திருப்பூருக்குப் போகவிருக்கும் தோழி கேட்டாள். தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இறங்கி வந்தபோது ஐந்தாம் வாசலின் நிழலில் என் தோழி அந்த வாசலை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். தூணும், நிலைக்கல்லும், விரிசலில் முளைத்த செடியும் அதில் இருந்தன. “மேலே என்ன இருந்துச்சு?” என்று கேட்டாள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினோம். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பேருந்து பள்ளி வாசலில் நின்றது. அடுத்த திங்கட்கிழமை மூலனூர்த் தோழி ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். “திண்டுக்கல்: 5 மணிக்கே புறப்படவும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். தொப்பி கட்டாயம். பாதி வழியில் பிடித்துக்கொள்ள நான்கு குடைகள். ராணியைப் பற்றி ஒருவர் பேசவும். பிரியாணி, இறங்கிய பிறகு” என்று அதில் இருந்தது. குடைகளைச் சேர்க்கச் சொன்னவள் என் பக்கத்து இருக்கைத் தோழி.

— பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளகோவில்